பழைய கார்: உயிர் கொடுப்பதா, விடை கொடுப்பதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகள் வழியே நடந்து செல்வோர், வேலிக்குள்ளே மாமரத்து நிழலிலோ கிடுகுக் கொட்டிலிலோ படங்கு போர்த்தபடி ஒரு பழைய மோட்டார்க் கார் நிற்பதைப் பல வளவுகளிற் கண்டிருப்பர். பெரும்பாலும் அது மொறிஸ் மைனராகவோ ஒஸ்ரின் ஏ-40 ஆகவோ இருக்கும். வீட்டுக்காரரை விசாரித்தால், "அது ஐயாவின்ரை கார்; ஒருநாளைக்குத் திருத்தவேணும்" என்பார். அந்த "ஒருநாள்" என்ற நம்பிக்கையே காரை அங்கே நிறுத்தி வைத்திருக்கின்றது. ஆனால் அந்த நாள் வருவதற்கு முன்னரே துரு வந்து சேர்ந்துவிடுகின்றது.

துருப்பிடித்த காரைத் திருத்துவதா, கைவிடுவதா என்ற கேள்வி, அத்தகைய காரை உடைய ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்றோ ஒருநாள் எழவே செய்யும். மனம் ஒன்று சொல்லும். கணக்கு வேறொன்று சொல்லும். அயலவர் ஆளுக்கோர் அபிப்பிராயம் கூறுவர். இவற்றுள் எதனை நம்புவது? சென்ற ஆண்டு இக்கேள்வி எமது வீட்டு வாசலுக்கும் வந்தது. அப்போது நாம் கற்றுக்கொண்டது பிறருக்கும் பிரயோசனப்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

தந்தையாரின் கார்

என் தந்தையார் ஓர் ஆசிரியர். 1966ஆம் ஆண்டில் அவர் ஒரு மொறிஸ் மைனர் 1000 காரை இரண்டாங் கையாக வாங்கினார். நான்கு கதவுகள், சாம்பல் நிறம், 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அதிலே ஏறித்தான் என் தமக்கையார் மணவறைக்குச் சென்றார். 1990ஆம் ஆண்டில் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, குடாநாட்டின் ஏனைய கார்களைப் போல அதுவும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெயை விடவேண்டும். அக்காலத்து எஞ்சின்கள் குறைந்த அமுக்கத்தில் வேலை செய்பவை. அதனாலேயே தரங்குறைந்த அந்த எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. புகை கக்கிற்று, எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போயிற்று, ஆயினும் கார் ஓடிற்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, எங்கள் மைனரும் அச்சனத்திரளின் நடுவே நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தது. பின் ஆசனத்தில் நடக்கமாட்டாத பாட்டியாரும், அயல்வீட்டு முதியவர் ஒருவரும், அவர்கள் மடியில் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். கூரையில் பாயும் பெட்டியும் அரிசி மூட்டையும் கட்டப்பட்டிருந்தன. நாங்கள் காரின் பக்கத்தே நடந்தோம். கார் எங்களிலும் வேகமாகச் செல்லவில்லை. தந்தையார் 2007ஆம் ஆண்டிற் காலமானார். அதன் பின்னர் அந்தக் கார் கொட்டிலை விட்டு அசையவில்லை.

சென்ற ஆண்டு மாரிக்கு முன்னர் கொட்டிலின் கூரையை மாற்றவேண்டியிருந்தது. காரை என்ன செய்வது என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. பழைய இரும்பு வாங்குபவர் நிறைக்கு விலை சொன்னார். கனடாவில் இருக்கும் தமக்கையார், "விற்க வேண்டாம், எவ்வளவு செலவானாலும் நான் தருகிறேன்" என்று தொலைபேசியிற் கூறினார். 2020ஆம் ஆண்டிலிருந்து 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தனியார் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய கார்களுக்கும் விலை ஏறிவிட்டது. திருத்தி விற்றால் இலாபம் என்றார் அயலவர் ஒருவர். வயது எண்பத்தைந்தைத் தாண்டிய என் தாயார் மாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. "முதலிலை ஆரையேன் கூட்டிவந்து வடிவாப் பார்" என்றார். அதுவே அன்று சொல்லப்பட்டவற்றுள் மிகவும் புத்தியான வார்த்தை.

துரு எப்படி உண்டாகின்றது?

இரும்பும் ஈரமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்றுசேர்ந்தால் துரு உண்டாகின்றது. நீரில் உப்புக் கலந்திருந்தால் மின்னோட்டம் அதனூடே இலகுவிற் செல்லும்; அதனால் துருவும் விரைந்து பரவும். குடாநாட்டில் எப்பக்கம் சென்றாலும் சில மைல்களிற் கடல் வந்துவிடும். ஆதலால் இங்கு நிற்கும் கார் உப்புக் காற்றை நாள்தோறும் சுவாசித்துக்கொண்டே நிற்கின்றது.

துரு தான் தோன்றிய இரும்பிலும் பன்மடங்கு இடத்தை அடைக்கும். ஆகவேதான் பூச்சின் கீழே கொப்புளம் எழும்புகின்றது. கொப்புளம் வெளியே தெரியும்போது, துரு பெரும்பாலும் உட்பக்கத்திலிருந்து வந்திருக்கும். காரின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பே உடையது. இரு தகடுகள் சேரும் மடிப்பிலும், பெட்டிபோல் அமைந்த சட்டங்களின் உள்ளேயும் சேறும் நீரும் தங்கினால், அவை கண்ணுக்குத் தெரியாமலே தகட்டைத் தின்று முடித்துவிடும்.

பாதுகாப்பு என்று எண்ணிப் படங்கைக் காரின்மேல் நேராகப் போர்த்துவிடுவது நம்மவர் செய்யும் பெரும் பிழை. படங்கின் கீழ் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லை. எங்கள் கார் பதினெட்டு மாரிகளை வெறுந் தரையில், படங்கின் கீழேதான் கழித்தது.

செசி உள்ளதும் இல்லாததும்

எங்கள் ஊரிலே தகர வேலையில் நாற்பது ஆண்டுக்கு மேல் அனுபவமுடைய ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தேன். காரை முன்னும் பின்னும் பார்ப்பதற்கு முன்னரே அவர் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தினார்.

1952ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40 சமர்செற் போன்ற கார்களில் செசி என்னும் அடிச்சட்டம் தனியாக உண்டு. உடல் அதன்மேல் வைத்துப் பூட்டப்பட்டது. உடலிற் பெரும்பகுதி துருப்பிடித்தாலும், தடித்த இரும்பினாலான செசி உறுதியாக இருந்தால் அக்காரை மீட்க வழியுண்டு. மொறிஸ் மைனர் அவ்வாறானதன்று. அதற்குத் தனிச் செசி இல்லை. தரைத் தகடும் அதனோடு ஒட்டிய பெட்டிச் சட்டங்களும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. நண்டுக்கு ஓடே எலும்பாக இருப்பதுபோல, மைனருக்கு அதன் உடலே செசி. ஆகவே, "உடல்தானே துருப்பிடித்திருக்கிறது" என்று மைனர்க்காரர் ஆறுதல் கொள்ள முடியாது.

மினுக்கத்தை நம்பாதீர்

பழைய காரைப் பார்ப்பவர் முதலில் மட்காட்டையும் பொனற்றையும் கதவையும் பார்க்கிறார். அங்கே ஓட்டை கண்டால் மனமுடைகிறார். அங்கே மினுக்கம் கண்டால் மகிழ்கிறார். இரண்டும் தவறு. மைனரின் நான்கு மட்காட்டுகளும் திருகாணிகளாற் பூட்டப்பட்டவை. கழற்றி வேறு போடலாம். கதவும் பொனற்றும் அவ்வாறே. இவை சட்டை போன்றவை. சட்டை கிழிந்தவன் நோயாளியாக இருக்கவேண்டும் என்பதில்லை.

மினுக்கம் ஏமாற்றும் விதமும் ஒன்றுண்டு. துருவின்மேற் புட்டியைத் தடவி, தேய்த்து, வர்ணம் பூசிவிட்டால் ஒரு மாரி வரை தெரியாது. இதனைக் கண்டறியச் சிறு காந்தம் போதும். தடித்த புட்டி பூசிய இடத்திற் காந்தம் ஒட்டாது. சுத்தியற்பிடியால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இது புதிய வித்தையன்று.

பாரந் தாங்கும் ஐந்து இடங்கள்

உண்மையான பரீட்சை காரின் அடியிலேதான் நடைபெறவேண்டும். மின்சூள், ஸ்குறூ டிறைவர், பழைய சாக்கு ஆகிய மூன்றும் வேண்டும். சாக்கை விரித்து அதன்மேற் படுத்துக்கொண்டு ஐந்து இடங்களை ஸ்குறூ டிறைவராற் குத்திப் பார்க்கவேண்டும்.

முதலாவது, கதவுகளின் கீழே இரு பக்கமும் நீளத்துக்கு ஓடும் பெட்டிச் சட்டங்கள். காரின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமற் பிடித்திருப்பவை இவையே. இரண்டாவது, முன் ஆசனங்களின் கீழே குறுக்காகச் செல்லும் சட்டம். மைனரின் முன்சக்கரங்களுக்கு ஸ்பிறிங்காக அமைந்த நீண்ட முறுக்குக் கம்பிகளின் பின்முனை இச்சட்டத்திலேயே பற்றியிருக்கின்றது. ஜாக்கு வைப்பதும் இதன் முனைகளிலேதான். மூன்றாவது, எஞ்சினின் இரு மருங்கும் முன்னோக்கி நீளும் சட்டங்கள். நான்காவது, பின் ஸ்பிறிங் பட்டைகள் உடலோடு சேரும் இடங்கள். ஐந்தாவது, தரைத் தகட்டின் விளிம்பும் கதவுத் தூண்களின் அடியும்.

இதன்பின் கதவுகளைத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள நீக்கல் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருப்பது நல்ல அடையாளம். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருந்தால் உடல் நடுவிலே தொய்ந்துவிட்டது என்பது பொருள்.

"இந்த அஞ்சிலை ஒண்டு ரெண்டு பழுதெண்டால் பயமில்லைத் தம்பி. மூண்டுக்கு மேலே, அதுவும் ரெண்டு பக்கமும் எண்டால், ஆற அமர யோசிக்கவேணும்" என்றார் அப்பெரியவர். இது எந்தப் புத்தகத்திலுமுள்ள விதியன்று. ஆனால் நாற்பது ஆண்டு அனுபவத்தின் சாரம்.

எங்கள் காருக்கு வந்தார். மட்காட்டுகளும் கதவுகளும் வியக்கத்தக்க அளவு நன்றாக இருந்தன. தாயாரின் முகத்திலும் என் முகத்திலும் சிறிது ஒளி உண்டாயிற்று. பிறகு அவர் நடுச் சட்டத்தின் முனையில் ஜாக்கை வைத்து மெதுவாக உயர்த்தினார். ஜாக்கு மேலே போயிற்று. கார் மேலே போகவில்லை. துருத்தூள் சொரிய, ஜாக்கின் தலை சட்டத்தின் உள்ளே புகுந்துவிட்டது. மறுபக்கமும் அவ்வாறே. பெட்டிச் சட்டங்கள் இரண்டிலும் ஸ்குறூ டிறைவர் பிடிவரை இறங்கிற்று. பின் ஸ்பிறிங் சேருமிடம் ஒன்றிலே தகடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஐந்தில் மூன்று போய்விட்டது. தரை விளிம்பும் பாதி போய்விட்டது.

வெட்டி ஒட்டுதல் பாவமா?

வெட்டிப் புதுத் தகடு வைத்தால் காரின் பழைமை கெட்டுவிடும் என்று சிலர் கருதுவர். மைனரின் பிறப்பை அறிந்தவர் அவ்வாறு கூறார். அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் 1959ஆம் ஆண்டில் மினி காரையும் உலகுக்குத் தந்தவர் அவரே. மைனரின் வேலை ஏறக்குறைய முடிந்த நிலையில், அது தன் நீளத்துக்கு ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று அவருக்குத் தோன்றிற்று. மாதிரிக் காரை நீளவாட்டில் இரண்டாகப் பிளக்கச் செய்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியிலே திருப்தியடைந்தார். அந்த நான்கு அங்குலம் சேர்ந்த காரே 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்தது. பொனற்றின் நடுவே ஓடும் அகன்ற பட்டை அதன் அடையாளமாக இன்றும் காணப்படுகின்றது. 1971ஆம் ஆண்டு வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. பிரித்தானியக் கார்களுள் முதன்முதற் பத்து இலட்சத்தை எட்டியதும் அதுவே.

ஆகவே வெட்டுவதில் இழுக்கில்லை. வெட்டும் முறையிலேதான் கவனம் வேண்டும். பெட்டிச் சட்டத்தை வெட்டுமுன் கதவு வாசலிற் குறுக்காக இரும்புக் குழாய்களை ஒட்டி உடலை இறுகப் பிடிக்கவேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். இன்றேல் உடல் கோணிவிடும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வைக்காமல் வெல்டிங் நெருப்பை அருகே கொண்டுவரவே கூடாது.

தகட்டுக்கும் பஞ்சமில்லை. மைனரின் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்தின் தொடர்பினால் நமது இலங்கையிலேயே அத்தகைய பாகங்கள் செய்யப்பட்டன என்பதை அநேகர் அறியார்.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

பின் தடை எங்கே? கணக்கிலேதான். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது பழைய கார் திருத்துவோர் நாள்தோறும் நினைக்கவேண்டிய பழமொழி. தகட்டின் விலை சிறிது. அதைத் தருவித்து, வெட்டி, வளைத்து, ஒட்டும் கூலியே பெரிது. உடல் வேலை முடிந்ததும் செலவு முடிந்துவிட்டதாக எண்ணுவோரும் உளர். அதன்பின் எஞ்சின், பிறேக், மின்கம்பிகள், ரயர், ஆசனம், வர்ணம் ஆகியன வரிசையில் நிற்கும். கண்ணாடி, விளக்கு, கைபிடி, றபர் என்னுஞ் சிறு பொருள்களே பணத்திலும் பொறுமையை அதிகம் தின்னும்.

எனவே கணக்கை மூன்று தலைப்பில் எழுதவேண்டும்: உடல், இயந்திரம், அலங்காரம். வேலைக்காரரிடம் மதிப்பைக் கேட்டு, ஏறத்தாழ அவ்வளவு தொகையை மேலும் ஒதுக்கவேண்டும். துருவை வெட்டத் தொடங்கினால் அது சொன்ன இடத்தில் நிற்பதில்லை. இதே வகைக் கார் நல்ல நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையும் விசாரிக்கவேண்டும். பதிவுப் புத்தகம் உண்டா, அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் காரிலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்பதைப் பணம் செலவிடுமுன் பார்த்துவிடுவது அவசியம். எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் பத்திரமில்லாத கார் வீதிக்குப் போகமுடியாது.

செலவு விலையை மீறினால் திருத்தவே கூடாது என்பதன்று என் கருத்து. தந்தையின் நினைவுக்காகச் செலவிடுவோரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நினைவுக்காகச் செய்கிறோமா, இலாபத்துக்காகச் செய்கிறோமா என்பதை முதலிலே தமக்குள் ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவரின் கார்தான் பாதி வேலையுடன் கராச்சிலே ஆண்டுக்கணக்கில் நிற்கின்றது.

தாயாரின் தீர்ப்பு

வேலைக்காரப் பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கட்டித்தரச் சொன்னால் கட்டித்தருவன் தம்பி. ஆனால் எல்லாம் வெட்டி மாத்தின பிறகு, வாத்தியாற்றை கார் அதிலை எவ்வளவு மிஞ்சும் எண்டதை நீங்கள்தான் யோசிக்கவேணும்" என்றார்.

அவரே இன்னொரு செய்தியும் சொன்னார். அயற்கிராமத்தில் மின்சார வேலை செய்பவர் ஒருவரிடம் இதே மாதிரி மைனர் இருக்கிறது. சீமெந்துத் தரையில் நிறுத்தி, ஆண்டுதோறும் அடியிலே பழைய எஞ்சின் எண்ணெய் பூசி வந்தமையால் அதன் சட்டங்கள் உறுதியாக உள்ளன. ஆனால் ஒரு விபத்தில் இடப்பக்கக் கதவுகள் இரண்டும் நசுங்கிப்போயின, கியர்ப்பெட்டியும் பழுது. எங்கள் காரிற் கதவுகள் நன்றாக இருக்கின்றன. அந்தக் காரிற் சட்டங்கள் நன்றாக இருக்கின்றன.

நான் தமக்கையாரின் வார்த்தையை நினைத்துத் தயங்கினேன். வாசற்படியில் இருந்த தாயார் அப்போதுதான் வாய் திறந்தார்.

"அண்டைக்கு உன்ரை கொப்பர் அந்தக் காரைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனது கார் தப்பவேணும் எண்டு இல்லை மோனை. நடக்கேலாத ஆக்களை ஏத்தத்தான். இனி இதாலை ஆரையும் ஏத்தேலாது. ஏத்தக்கூடிய காருக்குக் குடு."

அன்றிரவு தமக்கையாருக்குத் தொலைபேசியில் இதனைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "அம்மா சொன்னால் சரி" என்றார்.

கதவுகள், பொனற், கண்ணாடிகள், எஞ்சின், கியர்ப்பெட்டி அனைத்தும் அயற்கிராமத்துக்குச் சென்றன. எஞ்சிய உடலைப் பழைய இரும்புக்காரர் எடுத்துச் சென்றார். பதிவு இலக்கத்தை வேறெவரும் தவறாக உபயோகிக்காதபடி, கார் கழிக்கப்பட்டதை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தோம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்; உடல் போன ஒரு மைனர் மற்றொரு மைனரை வாழவைத்தது.

உங்கள் வளவிலும் இத்தகைய கார் ஒன்று நிற்குமாயின், இவ்வாரமே ஒரு சாக்கை விரித்து அதன் அடியைப் பாருங்கள். சட்டங்கள் உறுதியாக இருந்தால் வெளியிலுள்ள ஓட்டைகளைக் கண்டு கைவிட்டுவிடாதீர்கள். அது மீளக்கூடிய கார். உடனே திருத்த வசதியில்லையெனிற் காரைக் கட்டைகளின்மேல் உயர்த்தி, சட்டங்களிலுள்ள சேற்றைக் கழுவி உலரவிட்டு, நீர் வடியும் துவாரங்களைத் திறந்து, உள்ளே எண்ணெய் விடுங்கள். படங்கைக் காரிற் படாதபடி பந்தலாகக் கட்டுங்கள். சட்டங்கள் போயிருந்தால், நல்ல பாகங்களும் கெடுமுன் தேவையுள்ளவருக்குக் கொடுத்துவிடுங்கள். இவ்விரண்டில் எதைச் செய்தாலும் அது தீர்மானம். ஒன்றுஞ் செய்யாமல் விட்டால் நமக்காகத் துருவே தீர்மானித்துவிடும்.

தைப்பூசத்தன்று அந்த மின்சார வேலைக்காரர் தமது மைனரைக் கொண்டுவந்து, என் தாயாரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்றார். அதன் நிறம் கரும்பச்சை. தாயார் பின் ஆசனத்தில் ஏறியிருந்து, கதவைத் தம் கையாலேயே இழுத்துச் சாத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கார் படலையைத் தாண்டி வீதியில் ஏறிற்று.